முதல் நாளே எப்படிச் சொல்றது

உட்காருங்க சார், இடம் இருக்கு. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். எளநியும் ரெண்டு ஆரஞ்சும்தான். இன்னும் உள்ள விட ஆரம்பிக்கலை, செக்யூரிட்டிகிட்ட கேட்டுட்டேன். உங்களுக்கு யாரு, அம்மாவா? இடுப்பு எலும்பா? சரியாயிடும் சார். இப்பல்லாம் ஆபரேஷன் முடிஞ்ச கையோட நடக்க விட்டுடறாங்க.

எனக்கா? எனக்குச் சொந்தம்னு இல்லை. கூட வேலை செய்யற ஆளு. தேசிங்குன்னு பேரு. ஜன்னல் பக்கத்துக் கட்டில்னு அவன் பொண்டாட்டி சொல்லுச்சு. நான் உள்ள போனதில்லை. இந்த ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஒத்துக்காது. ஆமா, இங்கயும் அடிக்குதுதான். இங்க கொஞ்சம் கம்மி.

தினமும் வர்றேன் சார். வேலை முடிஞ்சதும் நேரா இங்க. அவன் பொண்டாட்டி அம்சவேணி வெளியில வரும், பையைக் கொடுப்பேன், எப்படி இருக்கான்னு கேப்பேன், போயிடுவேன். என் வீட்டுக்காரி கூட கேட்டா, 'உங்க அண்ணன் தம்பி படுத்திருந்தப்பகூட இப்படிப் போகலையே'ன்னு. நான் தலைவர் சார். தலைவர் போகாம வேற யாரு போறது?

என்ன தலைவர்னா, சொல்றேன். நாங்க ஒரு வெளிநாட்டு நிறுவனத்துல இருக்கோம். பேர் வேணாம் சார். உலகத்துல எங்க வெள்ளம் வந்தாலும் பூகம்பம் வந்தாலும் டென்ட்டு, கம்பளி, மருந்துன்னு அனுப்புவாங்க. தலைமை ஆபீஸ் ஐரோப்பாவுல. இந்தப் பக்கத்துக்கான குடோன் மீஞ்சூர் தாண்டி இருக்கு. நான் அங்க டெஸ்பாட்ச் செக்‌ஷன். அதோட பணியாளர் பேரவைக்குத் தலைவர். சங்கம் மாதிரிதான், ஆனா சங்கம்னு சொன்னா மேல இருக்கறவங்களுக்கு முகம் சுருங்கிடும், அதனால பேரவை. ரொம்ப வருஷமா நான்தான். எதிர்த்து யாரும் நிக்கறதில்லை. கேன்டீன்ல வாரத்துல ரெண்டு நாள் பூரி போடறாங்கன்னா அது நான் பேசி வாங்கினது. பஸ் நிக்கற இடத்துல கூரை, அதுவும் நான்தான். சண்டை போட்டு வாங்கலை சார். முகம் பார்த்து, நேரம் பார்த்துப் பேசினேன். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த வருஷம் எங்க இடத்துக்குப் புதுசா ஒரு டைரக்டர் வந்தாங்க. மாரிட்னு ஒரு அம்மா, நார்வே நாடு. பேரைச் சொல்லியே கூப்பிடுங்கன்னாங்க. எப்படி சார் கூப்பிடறது? நான் மேடம்னுதான் கூப்பிட்டேன். வந்த வாரமே பேரவைக்காரங்களைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். முன்னாடி இருந்தவர் எங்களைப் பார்க்கவே அரை வருஷம் ஆச்சு.

போறதுக்கு முந்தின நாள் கேட்டுக்கு வெளியில டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். தேசிங்கு வந்தான். அவன் கன்டெய்னர் இறக்கற ஆளு. நல்ல உடம்பு சார், கதவு மாதிரி நிப்பான். டீயை வாங்கிக்கிட்டு, "தலைவரே, ஒரே ஒரு விஷயம். நாளைக்கு மேடம்கிட்ட இதை மட்டும் சொல்லிடுங்க"ன்னான்.

விஷயம் என்னன்னா, கப்பல்ல வர்ற கன்டெய்னருக்குள்ள பூச்சி புழு அண்டக் கூடாதுன்னு மருந்துப் புகை போட்டு அடைச்சு அனுப்புவாங்க. இங்க வந்ததும் கதவைத் தொறந்து போட்டுட்டு, அரை நாளாவது காத்தாட விடணும். அப்புறம்தான் ஆள் உள்ள போகணும். ஆனா வெளியில லாரி நிக்குது, லாரிக்காரன் கத்துவான். குடோன் மேனேஜர் 'தொற தொற, இறக்கு'ன்னு நிப்பாரு. "தொறந்ததும் தலை சுத்துது தலைவரே. வீட்டுக்குப் போனா வாந்தி. போன வாரம் கை நடுங்கி சோத்தைக் கீழ கொட்டிட்டேன். என் பொண்ணு சிரிக்குது"ன்னான். அவனும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நான், "இதானே? நான் பார்த்துக்கறேன்பா. நீ போ"ன்னேன். டீக்கு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் நானும் நசீமாவும் போனோம். நசீமா பேரவைக்குச் செயலாளர். அக்கவுன்ட்ஸ்ல இருக்கற பொண்ணு, சின்ன வயசு, படபடன்னு பேசும். போற வழியிலேயே தேசிங்கு விஷயத்தை அதுகிட்ட சொன்னேன். "சார், அப்ப இதைத்தான் முதல்ல சொல்லணும்"னுச்சு. நான் சொன்னேன், "முதல்ல சால்வைம்மா."

ஆமா சார், சால்வை வாங்கிட்டுப் போனேன். ஒரு புது ஆளு தலைமைக்கு வந்தா வெறுங்கையோட போறதா? நானே கடைக்குப் போய், நல்ல அரக்குக் கலர், கொஞ்சம் ஜரிகை. பழக்கூடை ஒண்ணு. மேடம் கழுத்துல போட்டேன். அந்த அம்மா பாவம், 'இது எனக்கா, இதை நான் வெச்சுக்கலாமா, விதியில இடம் இருக்கா'ன்னு கேட்டாங்க. போட்டோ எடுத்தோம். அந்த வெக்கையில சால்வையைக் கழட்டாமலே உட்கார்ந்தாங்க. மரியாதை தெரிஞ்சவங்க சார், அதை நான் எங்க வேணா சொல்லுவேன்.

உட்கார்ந்ததும் நேரா கேட்டாங்க. சுத்தி வளைக்கவே இல்லை. "இங்க என்ன சரியில்லைன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்"னு இங்கிலீஷ்ல.

நான் சொன்னேன், "அப்படி ஒண்ணும் இல்லை மேடம். எல்லாம் நல்லா இருக்கு. நாங்க ஒரே குடும்பம்."

சார், நீங்களே சொல்லுங்க. முதல் நாளே எப்படிச் சொல்றது? ஒரு பெரிய ஆபீசர் ரூமுக்குப் போறோம். 'உட்காருங்க'ங்கறார். உடனே தொப்புன்னு உட்காருவோமா? 'பரவால்லைங்க'ம்போம். அவர் 'அட, உட்காருங்க'ம்பார். அப்பத்தானே உட்காருவோம், அதுவும் நுனியில. ஒரு பேச்சுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுதான். முன்னாடி இருந்தவர் கூட வெளிநாடுதான், ஆனா நம்ம ஊர்ல பழகி, 'என்ன ஏகாம்பரம், சும்மா சொல்லுங்க'ன்னு மறுபடி கேப்பார். அப்ப நான் மெதுவா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஆரம்பிப்பேன். பூரி அப்படித்தான் வந்துச்சு. இந்த அம்மாவும் மறுபடி கேப்பாங்கன்னு உட்கார்ந்திருக்கேன். வாய் வரைக்கும் வந்து நிக்குது, தேசிங்கு பேரு.

அவங்க என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அதுதான் மறுபடி கேக்கறதோ என்னவோ, அவங்க ஊர்ல. எனக்கு இப்பத் தோணுது. அப்ப நான் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவங்களும் சிரிச்சாங்க. "இப்படி ஒரு இடத்துக்கு வந்ததுல எனக்கு சந்தோஷம்"னு எழுந்து கை கொடுத்துட்டாங்க. முடிஞ்சது.

நான் ஒருத்தன்தான் பேசலையா? நசீமாவும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்துச்சு. வாய் இருக்கு, இங்கிலீஷ் என்னை விட நல்லா வரும். அதுவும்தானே பேசலை?

அந்தப் போட்டோ நிறுவனத்தோட செய்தி மடல்ல வந்துச்சு சார். உலகம் முழுக்க போறது. பணியாளர்கள் புது டைரக்டருக்கு வாழ்த்து சொன்னாங்க, மனநிறைவு தெரிவிச்சாங்கன்னு கீழ போட்டிருந்தாங்க. நான் அதை வாட்ஸ்அப்புல முகப்புப் படமா வெச்சிருந்தேன். எல்லாரும் பார்த்துட்டு நல்லா இருக்குன்னாங்க. இப்ப எடுத்துட்டேன். இப்ப சும்மா ஒரு பூ.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லைன்னா தப்பா நெனப்பீங்க. எனக்கு இந்த வருஷக் கடைசியில ரிட்டையர்மென்ட். ஒரு வருஷம் நீட்டிப்பு கேட்டிருக்கேன், மேடம்தான் கையெழுத்து போடணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை சார். சம்பந்தம் இருந்தா நான் ஏன் உங்ககிட்ட சொல்லப் போறேன்?

மறுநாள் டீக்கடையில தேசிங்கு நின்னுக்கிட்டிருந்தான். எனக்காகத்தான் நின்னிருக்கான். "சொல்லிட்டீங்களா தலைவரே?" நான் என்ன சொல்றது? இல்லைப்பான்னா முகம் செத்துடும். "சொல்லியாச்சுப்பா. சீக்கிரம் பண்ணுவாங்க"ன்னேன். அடுத்த சந்திப்புல சொல்லத்தானே போறேன்? சொன்ன மாதிரிதானே அது? அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அன்னிக்கு டீக்கு அவன் கொடுத்தான், நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்கலை.

அடுத்த சந்திப்பு தள்ளிப் போச்சு. மேடம் வெளியூர். அப்புறம் எங்கயோ புயல், எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தோம். கன்டெய்னர் மேல கன்டெய்னரா வந்துச்சு.

அப்படி ஒரு நாள் ஒரு கன்டெய்னர் வந்து நின்னிருக்கு. பசங்க தொறக்க யோசிச்சிருக்காங்க, வாடை அப்படி. தேசிங்குதான் சொன்னானாம், "தலைவர் மேடம்கிட்ட பேசிட்டார்டா. இப்பல்லாம் முன்னாடியே காத்தாட விட்டுத்தான் அனுப்பறாங்க"ன்னு. அப்படிச் சொல்லிட்டு முதல் ஆளா உள்ள போயிருக்கான். பசங்க சொல்றாங்க. அப்படிச் சொன்னானோ இல்லையோ. பயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க இல்லையா? உள்ளயே விழுந்துட்டான். கம்பளிக் கட்டு மேல விழுந்ததால தலையில அடி இல்லை. தூக்கிட்டு வந்தப்ப வாயில நுரை. நான் பார்த்தேன் சார். பார்க்காம இருந்திருக்கலாம்.

நசீமா ஓடுச்சு. யாரையும் கேக்கலை, நேரா மேடம் ரூம். அந்த அம்மா செருப்பைக்கூட மாட்டாம கீழ ஓடி வந்தாங்க. நின்ன இடத்துலயே எல்லாத்தையும் கேட்டாங்க. இனிமே அரை நாள் தொறந்து வெச்சு, புகை இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் ஆள் உள்ள போகணும், லாரி நின்னா நிக்கட்டும்னு அங்கயே சொல்லிட்டாங்க. பேச ஆரம்பிச்சு ஒரு டீ குடிக்கற நேரம் கூட ஆகலை சார். அவ்வளவு சுலபமா இருந்திருக்கு. அது தெரியாம போச்சே. கஷ்டமான காரியமா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு உறுத்தாது.

அப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு. குடோன் பசங்க என்னமோ நான்தான் மேடம்கிட்ட போராடி அந்த விதியை வாங்கிக் கொடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு, கேட்டு வாசல்ல கூட்டம் கூடி எனக்கு சால்வை போட்டுட்டாங்க. நான் போடச் சொல்லலை. வேணாம்னுதான் சொன்னேன். மறுபடி மறுபடி சொன்னாங்க, குனிஞ்சேன். நசீமா தூரத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு இப்ப என்கிட்ட பேசறதில்லை. செயலாளர் வேலையும் வேணாம்னு எழுதிக் கொடுத்துடுச்சு.

தேசிங்கா? உயிருக்கு பயமில்லைன்னுட்டாங்க. கை நடுக்கம் நிக்கலை. நாக்கு குழறுது, ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள வேர்த்துடுதாம். நரம்பு சார். நாளாகும்ங்கறாங்க, எவ்வளவுன்னு யாரும் சொல்லலை.

இப்ப தலைமை ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் விசாரிக்க வந்திருக்காங்க. ஒரு வெள்ளைக்காரர், ஒரு கென்யா நாட்டு அம்மா. குடோன் மேனேஜர் அவங்ககிட்ட சொல்லிட்டாராம், 'தேசிங்கு எப்பவுமே அவசரக் குடுக்கை, நான் தொறக்கச் சொல்லவே இல்லை, முன்னாடி ஒரு நாளும் தலை சுத்துதுன்னு அவன் யார்கிட்டயும் சொன்னதில்லை'ன்னு. அது எழுத்துல ஏறிடுச்சுன்னா தப்பு அவன் மேலன்னு ஆயிடும். வைத்தியத்தை அவங்க பார்த்துக்கறதும் நின்னுடும், வேலையும் போயிடும். மத்த பசங்க எல்லாம் கான்ட்ராக்ட், வாயே தொறக்க மாட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது சார், அவங்க பொழப்பு.

என்னைக் காலையில கூப்பிட்டாங்க. அந்த கென்யா அம்மா ரொம்ப மரியாதையா கேட்டாங்க. "தேசிங்கு முன்னாடியே உங்ககிட்ட சொன்னார்னு நசீமா சொல்றாங்க. ஆனா அவங்க காதால கேக்கலை, நீங்க சொல்லித்தான் தெரியும்ங்கறாங்க. நேர்ல கேட்டது நீங்கதான். உண்மையா?"

அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சொல்லியிருக்கு சார்! மேடம் கேட்டப்ப அது வாயைத் தொறந்துச்சாம், நான் மேஜைக்கு அடியில காலை மிதிச்சேனாம். அதைப் போயா சொல்லுவாங்க? பெரியவன்னு ஒரு இது இல்லாம. லேசாத்தான் சார் மிதிச்சேன். இப்ப வேணாம்மா, அவங்க மறுபடி கேக்கட்டும்னு ஒரு ஜாடைக்கு. என் காலுக்குக் கீழ அந்தப் பொண்ணு பாதம் இருந்துச்சு, நான் எடுக்கலை, மேடம் எழுந்துக்கற வரைக்கும் எடுக்கலை. அதுக்கு வலிச்சிருக்கும் போல. அதை நான் யோசிக்கவே இல்லை.

என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா?

"சரியா ஞாபகம் இல்லை"ன்னு சொன்னேன்.

அப்படிப் பார்க்காதீங்க சார். ஆமான்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்ன? நீங்க ஏன் மேடம்கிட்ட சொல்லலைங்கறதுதானே? அப்ப என் கதை என்ன ஆகறது, இத்தனை வருஷம் இருந்த பேரு என்ன ஆகறது? மேடத்துக்கும் கெட்ட பேரு, அந்த அம்மா புதுசு. எல்லாரையும் யோசிக்கணும் இல்ல? இல்லைன்னு நான் சொல்லலையே. ஞாபகம் இல்லைன்னுதானே சொன்னேன். ஆனா அந்த வார்த்தை வெளியில வந்ததுல இருந்து எதுலயும் மனசு ஓடலை. மத்தியானம் சாப்பாட்டை மூடி வெச்சுட்டு எழுந்துட்டேன். அந்தப் பொண்ணு நசீமாவைப் பொய்க்காரியாக்கிட்டேன். அவனை என்ன ஆக்கிட்டேன்னு நெனக்கவே பயமா இருக்கு.

இருங்க, அம்சவேணி வருது. என்னம்மா? பை இந்தா, எளநி இருக்கு. … யாரு? உள்ளயா? எப்ப வந்தாங்க? … சரிம்மா. சரி. … நான் இங்கதான் இருக்கேன், எங்க போகப் போறேன்? … சொல்றேம்மா. நீ போ, அவன் பக்கத்துல இரு.

பார்த்தீங்களா சார்? அந்த ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்களாம், தேசிங்குகிட்ட கேட்டுக்கிட்டு. நான் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு உள்ள போயிருக்காங்க, எனக்குத் தெரியலை. அவனுக்கு ஒண்ணும் பேச வரலையாம். 'தலைவர்கிட்ட சொன்னேன், தலைவர்கிட்ட சொன்னேன்'னு அதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னானாம். அது அவங்களுக்குப் புரிஞ்சதா இல்லையான்னு தெரியலைங்குது. 'நல்ல வேளை, அண்ணன் வெளியிலதான் இருக்காரு, அவங்க போகும்போது ஒரு வார்த்தை சொல்லிடுவாரு'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வருது. "உங்களைத்தாண்ணா நம்பியிருக்கோம், நீங்கதான் அந்த விதியையே வாங்கிக் கொடுத்தீங்க"ன்னு கையைக் கூப்புது சார். என்னைப் பார்த்து. நான் அந்தக் கையைப் பிடிச்சு இறக்கக்கூட இல்லை.

சொல்லிடலாம்தான். என்ன இப்ப? எழுந்து நின்னு அந்த கென்யா அம்மாகிட்ட, மேடம், காலையில எனக்கு ஞாபகம் வரலை, இப்ப வந்துடுச்சு, அவன் சொன்னான், டீக்கடையில வெச்சு சொன்னான், நான்தான் சொல்லலைன்னு. ரெண்டு வரி. இங்கிலீஷ்ல கூட எனக்கு வரும். மனசுக்குள்ள வெச்சிருக்கேன்.

வர்றாங்க சார். அதோ, கதவைத் தொறந்துக்கிட்டு. அந்த உயரமான கென்யா அம்மாதான். என்னைப் பார்த்துட்டாங்க. நிக்கறாங்க. ஒரு நிமிஷம், இந்த இடத்தைப் பார்த்துக்குங்க, இதோ வந்துடறேன்.

…

போயிட்டாங்க.

ம். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சாப்பிட்டாச்சாம். நம்ம ஊர்ச் சாப்பாடு பிடிச்சிருக்கான்னேன். பிடிச்சிருக்காம். கை கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

அம்சவேணி கதவுகிட்ட நின்னு பார்த்துக்கிட்டு இருக்கு, இல்ல? அங்க இருந்து பேசறது கேட்டிருக்காது. கேட்டாலும் இங்கிலீஷ். நான் திரும்பலை சார், நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. அது முகம் எப்படி இருக்கு?

சிரிக்குதா?